கோலாலம்பூரில் கீட்டோ: சோற்றைக் குறைக்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துச் சாப்பிடும் கீட்டோ உணவுமுறை என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "சோறு சாப்பிடாமல் எப்படி இருப்பது?" என்பதுதான். சோறு இல்லாமல் இருப்பது ஓரிரு வாரத்தில் பழகிவிடும். ஏற்கெனவே எடுக்கும் மருந்து, தட்டில் இருக்கும் புரதத்தின் அளவு, குழம்பிலும் பானத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் வரும் சீனி ஆகியவற்றைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். கீட்டோவை ஆரம்பித்து ஒரு மாதத்தில் கைவிடுகிறவர்களைப் பார்த்தால், இவற்றில் ஏதோ ஒன்றில் சறுக்கியிருப்பார்கள்.

இந்த வழிகாட்டி கோலாலம்பூரில் வேலைக்குப் போய், பாதி நாள் கடையில் சாப்பிட்டு, வீட்டில் குழம்பு சமைக்கும் தமிழர்களுக்காக எழுதியது. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வு 2023-இல் சொன்னபடி, இங்குள்ள பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல் பருமன், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியச் சமூகத்தில் இனிப்புநீர் மற்ற இனங்களைவிட அதிகம் என்பதும் இந்த ஆய்வுகளில் தொடர்ந்து வரும் செய்தி. அதனால் இதை வெறும் அழகுக்கான உணவுமுறையாக நான் பார்க்கவில்லை.

கீட்டோ உடலுக்குள் என்ன செய்கிறது

சோறு, தோசை, ரொட்டி சானாய், மீ எல்லாமே கடைசியில் குளுக்கோசாகின்றன. உடனே செலவாகாததைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே இறக்கினால் இந்த இருப்பு குறைந்து, இரண்டு முதல் நான்கு நாட்களில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் தயாரிக்க ஆரம்பிக்கிறது. மூளைகூட அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். இரத்தத்தில் கீட்டோன் லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தொட்டால் கீட்டோசிஸ் என்று சொல்வார்கள்.

இந்த முறைக்கு நூறு வயதாகிவிட்டது. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்காக இதைப் பரிந்துரைத்துப் பெயரும் வைத்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவமனைகளில் இது கொடுக்கப்படுகிறது. எடைக்கும் இனிப்புநீருக்கும் இதைப் பயன்படுத்துவது பிறகு வந்த வழக்கம்.

எடை விஷயத்தில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். கீட்டோவில் இருந்தாலும், செலவாகும் சக்தியைவிட அதிகமாகச் சாப்பிட்டால் கொழுப்பு குறையாது. 2018-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் மற்றதற்குக் கொழுப்பு குறைந்த உணவும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவின் எடைக்குறைவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் கீட்டோ எதற்கு? பலருக்கு இதில் பசி அடங்குகிறது, குறைவாகச் சாப்பிடுவது சிரமமில்லாமல் நடக்கிறது. இரத்தச் சர்க்கரையும் நன்றாக இறங்குகிறது. இனிப்புநீர் உள்ளவர்களின் சர்க்கரையைக் குறைப்பதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்கே அதிகச் சான்று இருப்பதாக அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019-இல் சொன்னது. உடலின் வடிவத்தை மாற்றுவது புரதமும் பளுப் பயிற்சியும்தான். கீட்டோ அதற்கு வழிவிட்டு உதவுகிறது.

படி 1: மருத்துவரிடம் போய்விட்டு வாருங்கள்

இதைச் சம்பிரதாயத்துக்காக முதலில் வைக்கவில்லை. நம் வீடுகளில் நாற்பது வயதுக்கு மேல் ஏதாவது ஒரு மாத்திரை எடுக்காதவர் குறைவு. மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் சில மருந்துகளின் அளவு ஒரே நாளில் அதிகமாகிப் போகும்.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற இனிப்புநீர் மாத்திரை எடுப்பவர்களும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் என்று வரும். வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்னும் தந்திரமானவை. அவற்றோடு கீட்டோ சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் கீட்டோவைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம், ஏனென்றால் முதல் வாரத்தில் உடலிலிருந்து உப்பும் தண்ணீரும் நிறைய வெளியேறும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முதல் வகை இனிப்புநீர் உள்ளவர்கள், சிறுநீரக நோய், கணைய அழற்சி, கடுமையான கல்லீரல் நோய் இருப்பவர்கள், முன்பு உணவுக் கோளாறால் அவதிப்பட்டவர்கள் இதைத் தாமாக ஆரம்பிக்க வேண்டாம். பித்தப்பைக் கல், கௌட் உள்ளவர்களும் முதலில் கேட்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் யூரிக் அமிலம் ஏறும், மூட்டு வீங்கிக்கொள்ள அது போதும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். 40 வயதைத் தாண்டிய, வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் இருக்கும் பி40 பிரிவினருக்கு பேகா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு; தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பங்களிக்கிறவர்கள் அங்கே பரிசோதனைத் திட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை), கொலஸ்ட்ரால், சிறுநீரகம், கல்லீரல், யூரிக் அமிலம் ஆகியவற்றின் முடிவுகளை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட இவை வேண்டும்.

படி 2: தராசுக்கு முன்னால் அளவு நாடா

தையற்கடையில் இருக்கும் சாதாரண நாடா போதும். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, வயிற்றை உள்ளிழுக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி அளவெடுங்கள். ஆசியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர். நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் தன்மை அதிகம் என்பதால், எடையைவிட இந்த எண்ணுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். பிஎம்ஐ கணக்கிலும் ஆசியர்களுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை தொடங்குகிறது.

உடற்பயிற்சி நிலையங்களில் காலை வைத்தால் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று காகிதம் அச்சிட்டுத் தரும் இயந்திரம் இருக்கும். அதைக் கீட்டோவின் முதல் மூன்று வாரங்களில் நம்ப வேண்டாம். அது மின்சாரத்தை அனுப்பி உடலின் தண்ணீரை அளந்து, அதிலிருந்து தசையைக் கணக்கிடுகிறது. கிளைக்கோஜனோடு தண்ணீர் போனதும் "தசை குறைந்தது" என்று காட்டும். இதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. ஒரு முறை ஆரம்பத்தில் எடுங்கள், அடுத்தது பன்னிரண்டாவது வாரத்தில், அதே இயந்திரத்தில், அதே நேரத்தில்.

படி 3: உங்கள் எண்களை முடிவு செய்யுங்கள்

இங்கே மூன்று சத்துகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. மாவுச்சத்து ஒரு உச்ச வரம்பு, தாண்டக் கூடாது. புரதம் ஒரு இலக்கு, எட்டியே ஆக வேண்டும். கொழுப்பு வயிறு நிறைவதற்கான அளவு, தேவைக்கு ஏற்ப ஏற்றலாம் இறக்கலாம்.

மாவுச்சத்தை நாளுக்கு 30 கிராமில் ஆரம்பிப்பது நம் சமையலுக்கு ஒத்துவரும். 20 கிராம் என்று பல இடங்களில் சொல்வார்கள். வெங்காயமும் புளியும் இல்லாமல் குழம்பு வைக்க முடியாத வீட்டில் அது நீடிக்காது. காய்கறிகளில் மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்துக் கணக்கிடலாம். பாக்கெட் உணவுகளில் மட்டும் கழிக்காமல், லேபிளில் 'கார்போஹைட்ரட்' என்று போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

புரதம் உங்கள் இலக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். 70 கிலோவுக்கு வர நினைப்பவருக்கு 84 முதல் 112 கிராம். கேட்க அதிகமாகத் தோன்றும், ஆனால் பிரித்துப் பார்த்தால் சாத்தியம்தான். மூன்று முட்டையில் 18 கிராம், சமைத்த கோழி 150 கிராமில் சுமார் 38, சமைத்த கெம்போங் மீன் 150 கிராமில் சுமார் 30, கெட்டித் தௌஹு 100 கிராமில் சுமார் 10. கூட்டினால் 96. நம் வழக்கமான தட்டில் ஒரு கோழித் துண்டும் மூன்று கரண்டிச் சோறும் இருக்கும். சோறு மட்டும் போய் அந்த ஒரு துண்டே மிஞ்சினால் எடையோடு தசையும் கரையும், மூன்று மணிக்குப் பசி எடுக்கும். சோறு விட்ட இடத்தைப் புரதமும் காய்கறியும் நிரப்ப வேண்டும்.

கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பியில் வெண்ணெய் கலக்குவது, தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் குடிப்பது எல்லாம் எடை குறைக்க வந்தவருக்குத் தேவையே இல்லை. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. புரதமும் மாவுச்சத்தும் 4. உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பைச் செலவு செய்யத்தானே இத்தனையும். சமையலுக்குத் தேவையான எண்ணெய், முட்டை, மீன், கறியில் இயல்பாக இருக்கும் கொழுப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால், இவையே பெரும்பாலும் போதும். தேங்காய் எண்ணெயையும் நெய்யையும் மட்டும் நம்பாமல் நல்லெண்ணெய், மீன், நிலக்கடலை, அவகாடோ என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும் வாய்ப்பு குறையும்.

படி 4: குழம்புச் சட்டியைக் கணக்கெடுப்பது

சமைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. வாழை இலையில் வைக்கும் இரண்டு பெரிய கரண்டி 250 கிராமைத் தொடும், அதாவது 70 கிராம். இது எல்லோருக்கும் புரிகிறது. புரியாமல் போவது சின்ன வெங்காயம். நூறு கிராமில், நார் போக, 13 கிராமுக்கு மேல் இருக்கிறது. பெரிய வெங்காயத்தில் அதில் பாதியைவிடச் சற்று அதிகம். கால் கிலோ சின்ன வெங்காயம் உரித்துப் போட்டு ஆட்டுக்கறிப் பெரட்டல் செய்தால் சட்டிக்குள் 30 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு எட்டு, பரவாயில்லை. நீங்கள் மட்டும் இரண்டு வேளை அதையே சாப்பிட்டால் நாள் கணக்கு முடிந்தது. எனவே பெரிய வெங்காயத்துக்கு மாறி, அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தில் இஞ்சி, பூண்டு, சோம்பு, கறிவேப்பிலையைக் கூட்டுங்கள். எலுமிச்சை அளவுப் புளியில் 14 கிராம் வரை வரும். அதுவும் நாலு பேருக்குப் பிரிந்தால் தொல்லை இல்லை.

கறித்தூள், மிளகு, சீரகம், மஞ்சள் போன்றவற்றை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். தேங்காய்ப்பால் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் நூறு மில்லியில் 20 கிராம் வரை கொழுப்பு இருக்கும் என்பதை மறக்காதீர்கள். உருளைக்கிழங்கை மட்டும் குழம்பிலிருந்து எடுத்துவிட்டு முள்ளங்கி, கத்தரிக்காய், வெண்டைக்காய் போடுங்கள். மீன் குழம்புக்கு வெண்டைக்காய் எப்போதுமே நன்றாகச் சேரும்.

பருப்பு நம் ஆட்களுக்கு வலிக்கும் இடம். வேகவைத்த துவரம்பருப்பு 100 கிராமில் நார் போகவும் 16 கிராம் மாவுச்சத்து நிற்கும். அது புரதம் என்று நினைத்து ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வரம்பில் பாதி போய்விடும். தண்ணீராகக் கரைத்த சாம்பார் இரண்டு கரண்டி வைத்துக்கொள்ளலாம், கெட்டிப் பருப்பு வேண்டாம்.

வாரச் சாமான் வாங்க சௌக்கிட் சந்தை போல நல்ல இடம் இல்லை. கெம்போங், மத்தி, நெத்திலி எல்லாம் மலிவு, ஒமேகா 3 நிறைந்தவை. கங்கோங், சாவி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீர்க்கங்காய், கீரை வகைகள் தயங்காமல் வாங்கலாம். பேரங்காடியில் கீட்டோ என்று அச்சடித்து விற்கும் பிஸ்கட்டையும் ரொட்டியையும் நான் ஒதுக்கிவிடச் சொல்வேன், விலையும் அதிகம், இனிப்பு ஆசையையும் அடங்கவிடாது.

காலைப் பசியாறலுக்கு இட்லி தோசை போனால் வெறுமையாக இருக்கும். முட்டையை வெங்காயத் தாள், பச்சை மிளகாய் போட்டு ஆம்லெட்டாக்கி, தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டுப் பாருங்கள். பொட்டுக்கடலை போடாமல் சட்னி அரைக்க வேண்டும். முந்தைய நாள் மீன் குழம்பை மறுநாள் காலையில் முட்டையோடு தொட்டுக்கொள்வதும் அருமையாக இருக்கும். மதியத்துக்குக் கோழி வறுவலும் முட்டைக்கோஸ் பொரியலும், இரவுக்கு மீனும் கீரையும் என்று போனாலே ஒரு நாள் ஓடிவிடும். காலிஃபிளவரைத் துருவிச் சோறுபோல் வதக்கும் முறை குழம்பு ஊற்றிச் சாப்பிடப் பழகியவர்களுக்கு ஆறுதல் தரும்.

படி 5: முதல் பத்து நாட்கள்

தலைவலி, சோர்வு, எரிச்சல், இரவில் கெண்டைக்கால் இழுப்பு, எழுந்து நிற்கும்போது தலை சுற்றல். இதைக் கீட்டோ காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் எதுவும் இல்லை, உப்புப் பற்றாக்குறைதான் பெரும்பாலும் காரணம். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும். அதோடு தண்ணீரும் போகும். கோலாலம்பூர் வெயிலில் வியர்வையிலும் ஒரு பங்கு போய்விடும்.

இரத்த அழுத்தமோ சிறுநீரக, இதய நோயோ இல்லாதவர்கள் இந்த நாட்களில் வழக்கத்தைவிட அரைத் தேக்கரண்டி உப்பு கூடுதலாக எடுக்கலாம். அதற்கு நம் சமையலில் வழி நிறைய இருக்கிறது. காலையில் ஒரு குவளை மிளகு ரசம், மாலையில் ஆட்டெலும்பு சூப். தயிர் ஒரு பங்குக்கு தண்ணீர் நாலு பங்கு விட்டு, உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர் மதியத்துக்கு. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பொட்டாசியத்தைக் கீரை, அவகாடோ, காளானிலிருந்து பெறுங்கள். மாத்திரையாக வாங்கி விழுங்காதீர்கள். பெரிண்டோபிரில் போன்ற அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் அளவுமீறி ஏறக்கூடும்.

மலச்சிக்கல் வந்தால் காய்கறி போதவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வேளையும் தட்டில் பாதி கீரையோ காயோ இருக்கட்டும். ஊறவைத்த சியா விதை ஒரு கரண்டி உதவும். வாய் நாற்றம் கீட்டோன் மூச்சில் வெளிவருவதால் வருவது, சில வாரங்களில் குறையும்.

இந்த வாரம் தராசு இரண்டு மூன்று கிலோ குறைந்ததாகக் காட்டும். சந்தோஷப்படுங்கள், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று தெரிந்து சந்தோஷப்படுங்கள். பிறகு வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டை வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் ஒரு ஊக்கத்துக்கு வாங்கலாம். உடல் பழகப் பழக அதன் நிறம் மங்கிவிடும், அப்போது கீட்டோசிஸ் போய்விட்டது என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

படி 6: கடையில் சாப்பிடும்போது

முதலில் பானம். கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியில் 11 கிராம் சீனி. இரண்டு கரண்டி ஊற்றிய ஒரு தே தாரேக்கில் 22 கிராம். வேலை இடத்தில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குடிப்பவர் சோற்றைத் தொடாமலேயே வரம்பைத் தாண்டியிருப்பார். "கூராங் மானிஸ்" என்று சொன்னால் கடைக்குக் கடை அளவு மாறும், அதை நம்ப முடியாது. "தே ஓ கோசோங்", "கோப்பி ஓ கோசோங்" என்று கேளுங்கள். பால் இல்லாமல் முடியாது என்றால் "தே சி கோசோங்". அதில் வரும் ஆவிப்பாலில் சிறிதளவு மாவுச்சத்துதான். மைலோ, சிராப், பாண்டோங், கரும்புச்சாறு இந்தக் காலத்துக்கு இல்லை. இளநீர்கூட ஒரு முழுக் காயில் 10 கிராமைத் தாண்டிவிடும்.

வாழை இலைக் கடைகள் உண்மையில் கீட்டோவுக்கு வசதியான இடம். பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ போய், "அண்ணே, சோறு வேணாம், காய் கொஞ்சம் கூட வைங்க" என்றால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. கோழி வறுவல், மட்டன் பெரட்டல், மீன் வறுவல், பொரியல் இரண்டு, ரசம் ஒரு டம்ளர். அப்பளத்தையும் மாவில் முக்கிப் பொரித்த பாகற்காயையும் விட வேண்டும். இரண்டாவதை விடுவது எனக்கே கடினம்.

நாசி கண்டார் கடையில் குழம்பை "பஞ்சிர்" என்று ஊற்றவிடாதீர்கள். பல குழம்புகள் கலந்து வரும்போது அதில் எவ்வளவு சீனி, கிச்சாப் என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்பாகப் பளபளக்கும் கிச்சாப் இறைச்சியும் தேன் கோழியும் இனிப்பானவை. பொரித்த கோழி, மீன் முட்டை, கணவாய், வெண்டைக்காய், அவித்த முட்டை எடுத்து, ஒரு கரண்டிக் குழம்பைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மலாய்க் கடைகளில் "தக் நக் நாசி, லௌக் சஜா" என்றால் போதும். சாத்தே இறைச்சியிலும் கச்சான் குழம்பிலும் சீனி இருக்கிறது. இக்கான் பாக்கார் நல்லது, சம்பலை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். தந்தூரி கோழி நம்பகமானது, கூட வரும் 'நான்' ரொட்டியை மறுத்துவிட்டால். சீனக் காப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு, காயா ரொட்டி இல்லாமல். யோங் தௌ ஃபூவில் மீன் மாவு உருண்டைகளைத் தவிர்த்துத் தௌஹுவும் காயும் தேர்ந்தெடுத்து சூப்பில் போடச் சொல்லலாம்.

படி 7: பளு தூக்குவது

இதைத் தவிர்த்துவிட்டு உடல் வடிவம் மாற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடை குறையும்போது உடல் தசையையும் கரைக்கப் பார்க்கும். தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது தங்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நாற்பது நிமிடம். உட்கார்ந்து எழுவது, தரையில் தண்டால், எடையைத் தன் பக்கம் இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது. முதலில் உடல் எடையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் ஆரம்பித்து, பிறகு டம்பெல்லுக்குப் போகலாம். எட்டு முதல் பன்னிரண்டு தடவை சிரமப்பட்டுச் செய்யும் அளவு எடை. எளிதானால் கூட்ட வேண்டும். பெண்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்களிடம் இழப்பதற்குத் தசை குறைவு.

முதல் மூன்று நான்கு வாரங்கள் ஓட்டத்திலும் படி ஏறுவதிலும் மூச்சு வாங்கும். கொழுப்பை எரிக்கத் தசை பழக நேரம் எடுக்கிறது. பத்துமலையின் 272 படிகளை விடியற்காலையில் ஏறுகிறவர்கள் இந்த வாரங்களில் பாதியில் நின்று இளைப்பாறத் தயங்க வேண்டாம். தீத்திவங்சா ஏரியைச் சுற்றி நடப்பது நல்ல மாற்று.

விரதமும் விருந்தும்

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்களும் புரட்டாசி முழுக்கச் சைவமாக இருப்பவர்களும் கீட்டோவை நிறுத்த வேண்டிய அவசியமில்லை, கொஞ்சம் திட்டம் வேண்டும். தெம்பே 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம், பன்னீரில் 18, தௌஹுவும் தயிரும் துணைக்கு. தெம்பேயை மெல்லியதாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிரட்டி, வறுவலாகச் செய்தால் கறியே தேவைப்படாது. சைவக் கடைகளில் விற்கும் சைவ மட்டன், சைவ மீன் வகைகளில் மாவும் சீனியும் சேர்ந்திருக்கும், பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். சைவத்தில் புரதம் எட்டுவது கடினமாக இருந்தால் அந்த மாதம் மாவுச்சத்து வரம்பை 50 கிராமுக்கு உயர்த்திப் பருப்பு, கொண்டைக்கடலை கொஞ்சம் சேர்ப்பதே மேல். வரம்பைக் காப்பாற்றப் போய்ப் புரதத்தை விட்டுவிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடித்து முழுநாள் விரதம் இருப்பதையும் கீட்டோவின் முதல் வாரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்குப் போய் முறுக்கு சாப்பிடாமல் வருவது வீட்டுக்காரருக்கு மனக்கஷ்டம். பெரியம்மா அன்போடு நீட்டும் அதிரசத்தை மறுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். ஒன்று எடுங்கள், ரசித்துச் சாப்பிடுங்கள், அடுத்த வேளையிலிருந்து பழைய தட்டுக்குத் திரும்புங்கள். மறுநாள் தராசில் ஒரு கிலோ ஏறியிருந்தால் அது கிளைக்கோஜனும் தண்ணீரும். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். இனிப்புநீர் மாத்திரையின் அளவைக் குறைத்திருப்பவர்கள் மட்டும் விருந்து நாட்களில் சர்க்கரையைக் குத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 8: பன்னிரண்டாவது வாரத்தில் முடிவெடுப்பது

இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால்தான் எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது, அதற்கு முன்னால் எடுத்துப் பயனில்லை. அதே பரிசோதனைகளை மறுபடி எடுத்துப் பழைய காகிதத்தோடு வைத்துப் பாருங்கள்.

இரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு பெரும்பாலும் இறங்கியிருக்கும், நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியிருக்கும். கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் சிலருக்கு மாறாது, சிலருக்கு வெகுவாக ஏறும். ஒல்லியானவர்களுக்கு அப்படி ஏறுவது அதிகம். ஏறியிருந்தால், "கீட்டோவில் இப்படித்தான்" என்று சொல்லி ஒதுக்கக் கூடாது. நெய், தேங்காய் எண்ணெய், கொழுப்புக் கறியைக் குறைத்து மீனையும் கடலையையும் கூட்டி, மாவுச்சத்தை 50 முதல் 80 கிராம் வரை உயர்த்தி, ஆறு வாரத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் கீட்டோ உங்களுக்கு ஏற்றதில்லை, மருத்துவர் சொல்லும் வழியில் போங்கள். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்த வரலாறு இருந்தால் இதில் இன்னும் கறாராக இருங்கள்.

இடுப்புச் சுற்றளவு குறைந்து, தூக்கும் எடை அதே அளவில் இருந்தாலோ கூடியிருந்தாலோ, கொழுப்பு போய்த் தசை நின்றிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டுமே குறைந்திருந்தால் புரதம் போதவில்லை அல்லது பயிற்சி தவறியிருக்கிறது. இடுப்பு அசையவே இல்லை என்றால் ஒரு வாரம் சாப்பிடுவதையும் குடிப்பதையும் விடாமல் எழுதுங்கள். பெரும்பாலும் முந்திரியோ தேங்காய்ப்பாலோ எண்ணெயோ பானமோ அங்கே தலைகாட்டும்.

எண்கள் நன்றாக வந்து, நீங்களும் இந்தச் சாப்பாட்டில் மகிழ்ச்சியாக இருந்தால் மருத்துவரின் கண்காணிப்பில் தொடரலாம். சோறு இல்லாத வாழ்க்கை சலித்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 கிராம் என்று நாளுக்கான மாவுச்சத்தை ஏற்றுங்கள். முதலில் கொய்யா, பப்பாளி. அப்புறம் பருப்பு, கொண்டைக்கடலை. கடைசியில், பயிற்சி செய்யும் நாளில், ஒரு சிறு கரண்டிச் சோறு. ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் இரண்டு வாரம் நின்று இடுப்பை அளவெடுங்கள், இனிப்புநீர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரையும் பாருங்கள். எண்கள் எங்கே ஏறத் தொடங்குகின்றனவோ, அதற்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள்.